அழுவாச்சிப் பெட்டி

வந்துருவாருங்க அம்மிணி, வந்துருவாரு. சித்தெ உக்காருங்க. முகம்மது குட்டி எங்க போயிருவாரு? கடையச் சாத்திப்போட்டுத் தொழுகைக்குப் போயிருப்பாரு. என்னங்க? இது தொழுகை நேரமில்லீங்களா? அட, அதுவும் உங்களுக்குத் தெரியுமா! ரயிலு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சுப்போட்டனுங்க. செரி, அப்ப சாப்புட ஊட்டுக்குப் போயிருப்பாரு. பீவியக்கா மீன் கொழம்பு வெச்ச அன்னிக்கு மனுசன் தட்டு வெள்ளையாத் தெரியற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு.

வௌக்கு உள்ளதானுங்க இருக்குது. இந்த ஷட்டருக்கு அந்தப்பக்கம். என்ற கண்ணால பாத்தனுங்க. பித்தளை, ஒரு பக்கம் செவப்புக் கண்ணாடி, அடியில ஒரு சொட்டை. தொறப்பு விழாப் போட்டோவுல எஞ்சின் நெத்தியில தொங்குதுன்னு பூதக்கண்ணாடி வெச்சுக் காட்டுனீங்களே, அதே சொட்டை. பழைய இரும்போட வந்துருக்குது, மனுசன் எடைக்குப் போட மனசில்லாம ஆணியில மாட்டி வெச்சுட்டாரு. அந்த வௌக்குல ஒரு பொய் கெடையாதுங்க.

டேய் ஃபிரோஸு! ரெண்டு சாய. ஒண்ணு சர்க்கரை இல்லாம. டேய், இவுங்க யாருன்னு தெரியுமாடா? ஞானஜோதி அம்மிணி. நம்ம பார்க்குல கொழந்தைங்க ரயிலு துருப்புடிச்சுக் கெடந்துச்சில்ல, அத மொதமொதல்ல ஓடுன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அச்சு அசலா அப்படியே பண்ணிக் குடுக்க வந்துருக்கறாங்க. புதுசாட்ட இல்லடா, பழசாட்ட! புதுசாட்ட யாரு வேணா பண்ணுவான், ரெண்டு டப்பா பெயின்ட் போதும். சொந்த ஊரு சூரியநெல்லி. தேயிலை எஸ்டேட்டுல பொறந்து எஞ்சினீரு படிச்சவங்க. ரயிலு என்ன நெறம்னு எங்க எல்லாத்தையும் கேட்டாங்கடா. நாங்க ஒட்டுக்கா நின்னு மஞ்சள்னு சத்தியம் பண்ணுனோம். இவுங்க சின்னக் கத்தி ஒண்ண எடுத்து, வெங்காயம் உரிக்கறாப்ல தோலு தோலாச் சொரண்டுனாங்க. ஆக அடியில பாத்தா பச்சை! மாங்காப் பச்சை! எங்க சத்தியமெல்லாம் செதுலு செதுலாக் கீழ கெடக்குது.

சிரிக்காதீங்க அம்மிணி, நெசந்தான? ஸ்குரூவக் கூட விடலியே நீங்க. நட்சத்திரத் தலை அந்தக் காலத்துல இல்ல, கோடு போட்ட தலைதான் வேணும்னு கோயமுத்தூருல கடை கடையா ஏறி எறங்குனீங்க. கடைக்காரன் என்னையப் பாத்து, ஏனுங்க, அம்மிணிக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களான்னு கேட்டான். நான் சொன்னேன், ஆமாங்க, பழைய வியாதி.

மணியப் பாக்காதீங்க. நாலு மணிக்குத்தான அந்தக் கடைசிப் பெட்டிய வெட்டற கேஸ் கட்டருக்காரன் கொல்லங்கோட்டுலிருந்து வர்றான்? நீங்க இல்லாம அவன் அந்தப் பெட்டியில கைய வெக்க மாட்டான். ஜீப்ப ஒரு முறுக்கு முறுக்குனா பார்க்கு வந்துரும். சாய குடிங்க. நானுங்களா? குடிக்கறேன், குடிக்கறேன். என்னமோ இன்னிக்கு எறங்க மாட்டீங்குது.

அந்தப் பெட்டியப் பத்தி மறுபடியும் பேசறேன்னு கோவிச்சுக்காதீங்க. வெட்ட வேண்டாம்னு சொல்ல வரல. நீங்க சொன்னது நியாயம். தொறப்பு விழாப் போட்டோவுல மூணு பெட்டி. நாலாவது பெட்டி எங்கயும் இல்ல. அது பின்னால, ரயில ஓட்டிக்கிட்டிருந்த ஆறுச்சாமி ஒட்டவெச்சது. இல்லாத ஒண்ண உள்ள விட்டா அடுத்த பொய்யும் பின்னாடியே ஏறிக்கும், பொறவு எது நெசம்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்னீங்க. அத நான் ஊட்டுல போயி சம்சாரத்துக்கிட்டக் கூட சொன்னனுங்க. அவ சொன்னா, அந்த அம்மிணி உங்களோட இத்தன நாளு எப்படித்தான் வேலை பாத்தாங்களோன்னு.

ஆனா ஒண்ணுங்க. அழுவாச்சிப் பெட்டின்னு அதுக்கு ஏன் பேருன்னு உங்களுக்கு யாருமே சொல்லல. நீங்களும் கேக்கல. நீங்க அதுக்கு வெச்ச பேரு பிற்சேர்க்கை. நான் சொல்லட்டுங்களா? அவரு வர்ற வரைக்கும் சும்மா உக்காந்துட்டு என்ன பண்றது.

இங்க எங்க பக்கத்துல கொழந்தைக்கு மொட்டையடிச்சுக் காது குத்துறது தாய்மாமன் மடியில வெச்சுத்தான். கோயில்ல அது முடிஞ்சதும், அழுகுற கொழந்தையத் தூக்கிட்டு ஒறம்பரைச் சனம் மொத்தமும் நேரா ரயிலுக்கு வந்துருவாங்க. யாரு ஆரம்பிச்சு வெச்சாங்கன்னே தெரியாது. உங்க மூணு பெட்டியும் கொழந்தைங்களுக்குப் பண்ணுனதுங்க. அசலு, அழகு, எல்லாஞ் செரி. ஆனா தாய்மாமன் உள்ள போக மாட்டான். எங்கூரு மாமனுங்களப் பாத்துருக்கறீங்கல்ல? ஒவ்வொருத்தனும் நெல்லு மூட்டை. மாமன் எறங்கி நின்னா மடி போயிருச்சு, கொழந்தை வீறிடும். அதப் பாத்துப்போட்டுத்தான் ஆறுச்சாமி, மாங்கா ஏத்தற ட்ரெய்லர் தகரத்த வளைச்சு, அகலமா ஒரு சீட்டு வெச்சு, கடைசியில கோத்துவிட்டாரு. மாமன் அளவுக்குப் பண்ணுன பெட்டிங்க அது. ஒரு மாமனைக் கூப்புட்டு உக்கார வெச்சு அளவெடுத்தாரு. அந்த மாமன் நாந்தான்.

முகம்மது குட்டி பேரன், ரஸியாவோட பையன், சுன்னத்து பண்ணி ஆறுனதும் எங்க வந்தான்னு நெனைக்கறீங்க? லுங்கிய முன்னால தூக்கிப் புடிச்சுக்கிட்டு, ராஜாவாட்ட ஏறி உக்காந்தான் பாருங்க. அவனுக்குச் சாதியும் மதமும் வேண்டாம், குலுங்காமப் போனாப் போதும்.

என்ற வேலை என்னன்னா, அந்தப் பெட்டிப் படியில நிக்கறதுங்க. கோயில் நோம்பி மேடையில மிமிக்ரி இருக்கறது வருசத்துல கொஞ்ச நாளுதான, மிச்ச நாளெல்லாம் இதுதான் எனக்குச் சோறு. கொழந்தை அழுகறதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. மொட்டை அழுகை ஒரே இழுப்பு. ஈஈஈஈன்னு, சைரன் மாதிரி. அதுக்கு மருந்தில்ல, பாட்டரி தீந்தாத்தான் நிக்கும். காதுகுத்து அழுகை அப்படியில்ல. வ்வ்வாஆஆன்னு ஒண்ணு போகும், பொறவு மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். வாயி தொறந்திருக்கும், சத்தம் இருக்காது. அடுத்தது வரப்போகுது, இன்னும் வரல. அந்த எடத்துல... கூஊஊ! விசில குடுக்கோணும். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கோணும். முந்துனா கொழந்தை பயந்துக்கும், பிந்துனா அடுத்த அழுகை வந்துரும். அந்த நிறுத்தத்துல குடுத்தா, கொழந்தை அழுக மறந்துரும். வாயத் தொறந்தது தொறந்தபடிக்கே வேடிக்கை பாக்கும். இத்தன வருசத்துல நான் தப்ப விட்டது கம்மிங்க. முன்னாடி இருக்கற ரப்பர் கைப்புடியப் பாத்தீங்கல்ல, பூரா பல்லுத் தடம்? நீங்க கூட போட்டோ எடுத்தீங்க. எடுத்துப்போட்டு, நல்லாருக்கு, ஆனா அசலில்லைன்னுட்டு எந்திரிச்சுப் போனீங்க.

இல்லீங்க, உங்களைக் குத்திக்காட்டல. சக்கரத்துக்குத்தான் வெட்டச் சொல்றீங்கன்னு தெரியும். ரெண்டாம் பெட்டியோட அசல் சக்கரம் நாலும் இதுக்கு அடியிலதான் ஓடுது. ஆறுச்சாமி அன்னிக்குக் கையில கெடச்சத மாத்திக் கோத்துட்டாரு. அந்த வார்ப்பு முத்திரை போட்ட சக்கரம் இப்ப வேற எங்கயும் கெடைக்காது. அது இல்லைன்னா உங்க ரெண்டாம் பெட்டி டூப்ளிகேட்டு. பெட்டிய அப்படியே ஒரு ஓரமா வெக்கலாமான்னு ஆறுச்சாமி கேட்டப்ப, பார்க்க எடுத்து நடத்தற கம்பெனிக்காரங்க எடமில்லன்னாங்க, நீங்க வேணாம்னு தலையாட்டுனீங்க. அந்தாளு நேரா ஊட்டுக்குப் போயி அவரு பொண்ணு ஜீவிதாகிட்டச் சொல்லிருக்கறாரு. அவ கொழந்தைக்கு வர்ற மாசம் காது குத்து.

ஒரு நிமிசங்க, என்ற போனு. ஆ, சொல்லுங்க. ம். ம். என்னது, கழலலையா? எல்லாம் போட்டுப் பாத்தீங்களா, எண்ணெய் விட்டீங்களா? நாலுமேவா? ஐயோ சாமி. அப்ப... அப்படியேவா? வேற வழியே இல்லையா? செரி. வையுங்க.

சம்சாரங்க. குக்கர் மூடி கழலலையாமா.

நாலுன்னு சொன்னதா? நாலு குக்கருங்க. ஊட்டுல ஒறம்பரை.

வேர்க்குதுங்களா எனக்கு? வெயிலு. கோவிந்தாபுரம் வெயிலு உங்க சூரியநெல்லி ஆளுகளுக்குத் தெரியாது. டேய் ஃபிரோஸு, அம்மிணிக்கு ஒரு பழம்பொரி. சூடா இருக்கறதாக் குடு. வேண்டாம்னு சொல்லாதீங்க. நீங்க இன்னிக்கு என்னைய ஒண்ணும் வாங்கித்தர வேண்டாம்னு சொல்லாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. ஊதல் விசயம். அசல் ஊதல் தொலைஞ்சு போச்சு, எப்படிக் கத்துச்சுன்னு யாருக்கும் தெரியல. நான் சும்மா வெளையாட்டுக்கு, பையனா இருந்தப்ப கேட்டத வாயில ஊதிக் காட்டுனேன். பக்கத்துல எல்லாரும் சிரிச்சாங்க. மேடையில ஏறுன நாள்லேருந்து நான் வாயத் தொறந்தாச் சிரிக்கறதுதான ஊரு வழக்கம். நீங்க சிரிக்கல. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டீங்க. மறுக்கா, மறுக்கான்னு ஊதச் சொல்லி, உதடு வீங்கிப் போச்சு எனக்கு. அந்தச் சத்தத்துக்கு ஒத்து வர்ற வரைக்கும் பித்தளைக் கொழாய அறுத்து அறுத்து வெச்சீங்க. பொறவு உங்க ரிப்போர்ட்டுல, ஊதல் ஒலிக்கு ஆதாரம் மோகனசுந்தரம்னு எழுதுனீங்க. மிமிக்ரின்னு எழுதல. ஆதாரம்னு எழுதுனீங்க. அன்னிக்கு ராத்திரி என்ற பொண்டாட்டியக் கூப்புட்டு, ஏம்புள்ள, இங்க வா, ஆதாரத்தப் பாருன்னேன். என்ற வாயில வர்றது நெசம்னு நம்புன மொத ஆளு நீங்கதானுங்க. அதுதான்... ஒண்ணுமில்லீங்க. பழம்பொரி ஆறுது.

அம்மிணி! அம்மிணி, அங்க பாருங்க, மலையப் பாருங்க! ரெண்டு பாறைக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியுதுங்களா? அருவிங்க. இல்ல, இன்னும் எடது பக்கம். ரோட்டப் பாக்காதீங்க, வைக்கோல் லாரி வருது, தும்பு கண்ணுல பட்டுரும். மூஞ்சிய அக்கட்டத் திருப்பிக்குங்க. இன்னுங் கொஞ்சம். எதுக்கு இப்ப ஹாரன் அடிக்கறான், கூறுகெட்டவன். ம். ம். போயிருச்சு.

அருவி தெரியலீங்களா? கோடை இல்லீங்களா, வத்திப்போச்சு போல.

இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்ல. சாயய எதுக்கு ஊதறேன்னா? சாய கிளாசு சூடு. ஆமா, ஆறிப்போச்சு, நெசந்தான்.

அம்மிணி, நீங்க கொஞ்சம் அந்தப் பழம்பொரியக் கீழ வெச்சர்றீங்களா. கையில வெச்சுக்கிட்டு என்னையப் பாத்தீங்கன்னா பேச வரமாட்டீங்குது.

முகம்மது குட்டி வர மாட்டாருங்க.

இந்தாங்க, கடைச்சாவி. காலையிலேருந்து என்ற சட்டைச் சோப்புலதான் கெடக்குது. வௌக்கு நெசம், உள்ளதான் தொங்குது, எடுத்துக்குங்க, உங்களுக்குன்னு சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கறாரு. அவரு இப்ப போனாருல்ல, அந்த வைக்கோல் லாரிய ஓட்டிக்கிட்டு. வைக்கோலு மேல மட்டுந்தானுங்க. உள்ள அழுவாச்சிப் பெட்டி. ஆறுச்சாமி பக்கத்துல உக்காந்துருக்கறாரு. ஆனைமலைக்கு அக்கட்ட அவரு மச்சான் தோப்புல கொண்டுபோயி எறக்கறாங்க.

இருங்க, இருங்க. உக்காருங்க. எல்லாத்தையும் கேட்டுப்போட்டு எந்திரிங்க, அடிக்கறதா இருந்தாலும் பொறவு அடிங்க. சக்கரத்தக் கழட்டி உங்க ஷெட்டுல வெச்சுப்போட்டுத்தான் பெட்டிய எடுக்கறதுன்னு பேச்சு. சத்தியமா அதுதான் பேச்சு. உங்க சக்கரத்துல ஆசைப்படற ஆளுக இல்லீங்க நாங்க. ஆனா நட்டு பூரா துருப்புடிச்சு இறுகிக் கெடக்குது, ஒண்ணுகூட அசையல. சித்த முன்னால வந்த போனு அதுதான். குக்கரு ஊட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது, அதும் மூடி நல்லாத்தான் கழலுது. நேரமில்லாம அப்படியே சக்கரத்தோட ஏத்திப்போட்டாங்க. தோப்புல வெச்சுச் சூடு பண்ணிக் கழட்டி, நாளன்னிக்குள்ள கொண்டாந்து வெச்சர்றேன்னு ஆறுச்சாமி சொல்றாரு. அவரு சொன்னாச் செய்வாரு. ஆனா உங்ககிட்ட அதச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குது.

பார்க்கு கேட்டுல சிஜு இருந்தானேன்னுதான கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். இதுதானுங்க அந்தச் சாயய எறங்க விடாதது.

சிஜு கண்டிப்பான பையன். வாட்ச்மேன் வேலைக்கு வந்து கொஞ்ச நாளுதான் ஆகுது, ஒரு ஆணி வெளிய போகோணும்னாலும் மேடத்துக்கிட்டக் கேக்கோணும்பான். அதனால மேடமே அவங்கிட்டப் பேசுனாங்க. மத்தியானம் ஜீப்புல ஏறப்போறப்ப துண்ட மறந்துட்டேன்னு ஷெட்டுக்கு ஓடுனனே. துண்டு தோள்லதான் கெடந்துச்சு. ஷெட்டு இன்டர்காம எடுத்துக் கேட்டுக்குப் போட்டேன். சிஜு, ஒரு லாரி வரும், ஆ பெட்டி கொண்டு போய்க்கோட்டே, ஞான் பறஞ்ஞிட்டா, கேட்டோ. பெட்டிய எடுத்துட்டுப் போகட்டும், நாந்தான் சொன்னேன்னு. நீங்க மலையாளம் பேசறப்ப கடைசி எழுத்த எஸ்டேட்டு ஆளுகளாட்ட ஒரு தட்டுத் தட்டுவீங்க, அதையும் தட்டுனேன். மூணரை மணி வரைக்கும் மீட்டிங்கு, விளிக்கண்டா, போன் பண்ண வேண்டாம்னும் சொன்னேன். செரி மேடம்னான். ஒரு சந்தேகம் இல்லீங்க அவன் கொரல்ல. வேணும்னா சந்தேகப்பட்டுருக்கலாம். படல.

அதோட போன வெச்சிருந்தா செரி. அவன் வெக்கல. மேடம், கொழந்தைக்கு இருவத்தெட்டாம் நாளு, அரையில நூலு கட்டறோம், ரெண்டு நாள் லீவு கிட்டுமோன்னு கேட்டான். நான் என்னங்க பண்றது? போனக் கையில வெச்சுட்டு நிக்கறேன். நீங்க இருந்தா யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிருப்பீங்க. எனக்கு அது தோணவே இல்ல. லீவு எடுத்தோ மோனே, கொழந்தைக்குப் பேரு எந்தான்னு கேட்டுப்போட்டேன். அவன் சந்தோசத்துல அழுதே போட்டானுங்க. மேடம் இவ்வளவு நல்லவங்கன்னு எனக்குத் தெரியாதுன்னான். யாரு யாரு கொரல்லயோ எத்தன பேருகிட்ட எத்தன சொல்லிருந்தாலும், அந்த ஒண்ணு மட்டும் என்னைய என்னமோ பண்ணுது. ஒரு தடவைதானுங்க. சத்தியமா அந்த ஒரு தடவைதான் உங்க கொரல எடுத்தேன். இதுவரைக்கும் எடுத்த கொரலெல்லாம் சிரிக்க வெக்க எடுத்தது. இதத் திருட எடுத்தேன். அதும் யாருகிட்டேருந்து? என்னைய ஆதாரம்னு எழுதுன ஆளுகிட்டேருந்து.

உங்க போனுங்க. அடிக்குது.

சிஜுதான? மூணரை ஆயிருச்சு.

எடுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை. கேஸ் கட்டருக்காரன் முன்னாடியே வந்து நிப்பான், பெட்டியக் காணோம்பான், பையன் பயந்திருப்பான். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான், நீங்கதான மேடம் சொன்னீங்கன்னு. இல்லன்னீங்கன்னா லாரி இன்னும் ஆனைமலை தாண்டியிருக்காது, ஒரு போனுல நிறுத்திரலாம். சக்கரம் பொழுதோட உங்க கைக்கு வந்துரும். சிஜுவுக்கு நூலுகட்டுக்கு முன்னாடி வேலை போயிரும், ஆறுச்சாமியும் முகம்மது குட்டியும் போலீஸ் ஸ்டேசன் பெஞ்சுல உக்காருவாங்க, நான் நடுவுல உக்காந்துக்கறேன். ஆமான்னீங்கன்னா, அது பொய்யிங்க. ஸ்குரூத் தலையிலகூட பொய்ய விடாத ஆளு நீங்க. உங்களைப் போயி அதச் சொல்லச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்ல.

நானே வாங்கி உங்க கொரல்ல பேசிப்போடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வருதுங்க. வேண்டாம். இனி அதத் தொட மாட்டேன். உங்க கொரலு, நீங்களே பேசுங்க.

எடுங்க அம்மிணி. நின்னுரப் போகுது.